துறைமுகத்தை வரைந்தவரும் வரையப்படாத துறையும்

1985ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரின் மார்மொத்தான் அருங்காட்சியகத்துள் ஆயுதங்களுடன் நுழைந்த சிலர், காவலர்களையும் பார்வையாளர்களையும் துப்பாக்கி முனையில் நிறுத்திவைத்துவிட்டு ஒன்பது ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்றிச் சென்றனர். அவற்றுள் ஒன்று 48 சென்ரிமீற்றர் உயரமும் 63 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சிறிய தைல வண்ண ஓவியம். சாம்பலும் நீலமும் கலந்த மூடுபனி. அதற்குள் மங்கலாகத் தெரியும் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும். முன்னால் இரண்டு மூன்று சிறு தோணிகள். நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சூரியன். ஐந்து ஆண்டுகள் அது எங்கே இருந்ததென்று உலகுக்குத் தெரியாது. 1990 டிசம்பரில் கோர்சிக்காத் தீவில் பொலிசார் அதைக் கண்டெடுத்தனர்.

குளோட் மொனே வரைந்த 'மனப்பதிவு: சூரியோதயம்' என்னும் அந்தப் படத்தைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மனப்பதிவுவாதம் என்ற ஓவிய இயக்கத்துக்கே பெயர் கொடுத்த படம் அது. 1874 ஏப்ரல் 15ஆம் திகதி, பாரிஸில் நாடார் என்ற புகைப்படக் கலைஞர் முன்னர் பயன்படுத்திய கலைக்கூடத்தில், அரச கண்காட்சியின் நடுவர்களை நம்பியிராத ஓவியர் கூட்டம் ஒன்று தானே ஒரு கண்காட்சியைத் திறந்தது. (நம்மவர் பெயரைப் போல ஒலித்தாலும் இந்த நாடார் பிரெஞ்சுக்காரர், அது அவரது புனைபெயர்.) பத்து நாள் கழித்து லூயி லெரோய் என்ற பத்திரிகையாளர் கேலிப் பத்திரிகை ஒன்றில் அந்தக் கண்காட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டார். மொனேயின் படத்தலைப்பில் இருந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் 'மனப்பதிவாளர்கள்' என்று பட்டம் சூட்டினார். வசையாக வந்த பெயர் வரலாறாயிற்று. லெரோயும் ஓவியம் பயின்றவர்தாம். ஆனால் இன்று அவரை எவரேனும் நினைப்பது அந்த ஒரு கட்டுரைக்காகவே. பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

படத்தின் விலை வரலாறும் சுவையானது. 1874இல் எர்னெஸ்ட் ஒஷெடே என்ற வணிகர் 800 பிராங்குக்கு அதை வாங்கினார். அவர் கடனில் மூழ்கியபோது, 1878இல் அது 210 பிராங்குக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் ஜோர்ஜ் டி பெல்லியோ என்ற மருத்துவர். அவரது வாரிசுகள் வழியாகவே அது மார்மொத்தானுக்கு வந்து சேர்ந்தது.

படத்தில் இருப்பது பிரான்சின் வடகரையில், சேன் நதி கடலில் கலக்கும் இடத்திலுள்ள லு ஆவ்ர் துறைமுகம். கரையோர விடுதி ஒன்றின் சாளரத்திலிருந்து மொனே அதை வரைந்தார். எந்த நாளில் என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. மாலைச் சூரியன் என்றுகூடச் சிலர் வாதிட்டனர். 2014இல் அருங்காட்சியகமும் அமெரிக்க வானியலாளர் டொனால்ட் ஒல்சனும் சூரியன் நின்ற திசை, கடற்பெருக்கின் நேரம், அக்கால வானிலைப் பதிவுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, 1872 நவம்பர் 13ஆம் திகதி காலை 7.35 மணி அளவு என்ற முடிவுக்கு வந்தனர். பெருக்கு நேரத்தில் மட்டுமே பெரிய பாய்க்கப்பல்கள் அத்துறையில் நகர முடியும். படத்தில் கப்பல்கள் நகர்கின்றன. ஓவியர் கண்டதைக் கண்டபடி வரைந்திருந்தால் ஒழிய இப்படி ஒரு கணக்கைப் போட இயலாது.

அந்தப் படத்தை ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். சூரியன் துடிப்பது போலத் தெரிகிறது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் லிவிங்ஸ்ரன் என்ற நரம்பியல் அறிஞர் இதற்கு விளக்கம் கூறியுள்ளார். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினால் சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும்; சுற்றியுள்ள வானத்தின் ஒளியளவே அதற்கும் இருக்கிறது, நிறம் மட்டுமே வேறு. நிறத்தை அறியும் மூளைப்பகுதி சூரியனைக் காண்கிறது. இடத்தையும் அசைவையும் அறியும் பகுதி காணவில்லை. அதனால் அது ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது.

ஆனால் இந்தக் கட்டுரை மொனேயைப் பற்றியதன்று. மொனேக்குக் கடலைப் பார்க்கக் கற்பித்தவரைப் பற்றியது. அவருக்குக் கற்பித்தவர் என்று சொல்லத்தக்க எவரும் இல்லை.

இயூஜீன் பூடான் 1824 ஜூலை 12ஆம் திகதி, லு ஆவ்ருக்கு நேரெதிரே ஆற்றுமுகத்தின் மறுகரையிலுள்ள ஒன்ஃபிளேர் என்ற சிறு துறையில் பிறந்தார். தந்தை கடலோடி. இரு கரைகளுக்குமிடையே ஓடிய படகில் வேலை. மகனும் சிறுவயதிலேயே படகில் எடுபிடியாளாகச் சேர்ந்துகொண்டான். ஒருமுறை தண்ணீரில் விழுந்து மயிரிழையில் தப்பியதாகச் சொல்வார்கள். 1835இல் குடும்பம் லு ஆவ்ருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. அச்சகத்திலும் எழுதுபொருட் கடையிலும் வேலை செய்து, இருபது வயதில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து காகிதாதிகள் விற்கும், படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் சொந்தக் கடையைத் திறந்தார்.

படத்துக்குச் சட்டம் போடும் கடை என்பது நமக்கும் அறிமுகமானது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சாமிப் படங்களுக்கும் கல்யாணப் படங்களுக்கும் கண்ணாடி வெட்டிச் சட்டம் அடிக்கும் கடைகளை யார் மறப்பார்? பூடானின் கடைக்கு வந்தவர்களோ ஓவியர்கள். கோடையில் கடலோரத்துக்கு வரும் பாரிஸ் ஓவியர்கள் வண்ணமும் தாளும் வாங்குவார்கள். தம் படங்களை விற்பனைக்குச் சாளரத்தில் வைக்கும்படி கொடுப்பார்கள். பின்னாளில் உழவர்களை வரைந்து புகழ்பெற்ற மில்லே அப்போது வயிற்றுப்பாட்டுக்காக லு ஆவ்ரில் மாலுமிகளின் உருவப்படங்களை வரைந்துகொண்டிருந்தார். கடைக்கார இளைஞன் தயங்கித் தயங்கிக் காட்டிய சித்திரங்களைத் திருத்திக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஓவியத்தொழில் சோறு போடாது என்று மில்லே எச்சரித்ததாகவும் சொல்லப்படுகிறது. இருபத்திரண்டாவது வயதில் பூடான் கடையை விட்டார்.

'தானே கற்றவர்' என்ற சொல்லை இங்கே கவனமாகப் பயன்படுத்த வேண்டும். 1851இல் லு ஆவ்ர் மாநகரசபை அவருக்கு மூன்று ஆண்டு உதவிப்பணம் கொடுத்துப் பாரிஸுக்கு அனுப்பியது. அங்கே லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஒல்லாந்தக் கடலோவியங்களைப் பார்த்து அவர் படியெடுத்தார். ஆனால் மாநகரசபை எதிர்பார்த்த வகை ஓவியராக அவர் திரும்பவில்லை. புராண வீரர்களையும் போர்க்காட்சிகளையும் பெரிய அளவில் வரைந்து பதக்கம் வாங்கும் ஒருவரை அவர்கள் விரும்பியிருக்கலாம். திரும்பி வந்தவர் கரையில் நின்று மேகங்களை வரைந்தார்.

மேகம் மட்டுமன்று. பாய்மரக் கப்பல், மீன்பிடிப் படகு, துணி துவைக்கும் பெண்கள், மீன்சந்தை, வற்றுக் காலத்தில் சேற்றில் சாய்ந்து கிடக்கும் தோணி. ஒரு மாலுமியின் மகன் வரைந்த கப்பல் என்பதால் கயிறு எங்கே கட்டப்பட வேண்டுமோ அங்கேதான் கட்டப்பட்டிருக்கும். இது சிறிய விடயமன்று. நமது கரையோரத்தில் எந்தத் தொழிலாளியிடமேனும் ஒரு வள்ளத்தின் படத்தைக் காட்டிப் பாருங்கள். நிறம் அழகா, ஒளி அழகா என்று அவர் பார்க்க மாட்டார். அணியத்தையும் கடையாரையும் பார்த்துவிட்டு, "இது ஓடாது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பூடானின் படகுகள் அந்தத் தீர்ப்பைத் தாங்கும்.

மொனே பாரிஸில் பிறந்தாலும் வளர்ந்தது லு ஆவ்ரில். பதின்ம வயதில் ஊர்ப் பெரியவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து காசு பார்த்தவர். அவை ஒரு சட்டக்கடைச் சாளரத்தில் தொங்கின. அதே சாளரத்தில் பூடானின் கடற்காட்சிகளும் தொங்கின. அவை தமக்கு அறவே பிடிக்கவில்லை என்றும், அவரைச் சந்திப்பதைத் தவிர்த்து வந்ததாகவும் மொனே பின்னாளில் ஒளிக்காமல் கூறினார். கடைசியில் சந்திப்பு நிகழ்ந்தது. தம்மைவிடப் பதினாறு வயது இளையவனைப் பூடான் வெளியே அழைத்துச் சென்று திறந்த வெளியில் சட்டகத்தை நாட்டினார். 1858இல் லு ஆவ்ரில் காட்சிக்கு வைக்கப்பட்ட மொனேயின் முதல் நிலக்காட்சி அந்த நாட்களின் விளைச்சல். தாம் ஓவியரானது பூடானால்தான் என்று மொனே முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். 1874 கண்காட்சியிலும் பூடான் பங்குபற்றினார். மற்ற இளைஞர்களின் ஆரவாரத்தில் அவரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அவரைக் கவனித்தவர் ஒருவர் முன்னரே இருந்தார். கவிஞர் போதலேர் 1859இல் தம் தாயார் வாழ்ந்த ஒன்ஃபிளேருக்கு வந்திருந்தபோது பூடானின் அறையில் நூற்றுக்கணக்கான சிறு வான் சித்திரங்களைக் கண்டு வியந்து எழுதினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் திகதி, நேரம், காற்று ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டாலும் எந்தப் பருவம், எந்த வேளை, எந்தக் காற்று என்பதைப் படத்திலிருந்தே ஊகிக்கலாம் என்பது போதலேரின் சாட்சியம். கொரோ என்ற மூத்த ஓவியர் பூடானை 'வானங்களின் அரசன்' என்றழைத்தார்.

திகதி, நேரம், காற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன் என்ற வகையில் இந்த மூன்று சொற்களும் என்னை உலுக்கின. இது ஓவியரின் பழக்கமன்று, நிருபரின் பழக்கம்.

காற்றைக் குறித்து வைப்பது நமது கடலோரத்துக்குப் புதிதன்று. கொக்கிளாயிலிருந்து நாயாறு, முல்லைத்தீவு, சாலை, சுண்டிக்குளம் வரையான கரையில் எந்தத் தொழிலாளியும் நாட்காட்டியைப் பார்த்துக் கடலுக்குப் போவதில்லை. வடகீழ்த் திசையிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தென்மேற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். எந்தக் காற்றில் கடல் எந்த நிறம் கொள்ளும், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், எந்த மீன் கரையை நெருங்கும், எப்போது கரைவலைக்காரர் வாடியைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பூடான் முல்லைத்தீவில் பிறந்திருந்தால் தம் சித்திரத்தின் ஓரத்தில் 'வாடை, விடியற்புறம்' என்று எழுதியிருப்பார்.

அவர் அங்கே பிறக்கவில்லை. வேறு எவரும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதுதான் என் மனத்தை அரிக்கும் விடயம். முல்லைத்தீவுக் கரையைத் தைல வண்ணத்தில் தீட்டிய பழைய ஓவியம் ஒன்று இன்றுவரை என் கண்ணில் பட்டதில்லை.

காரணங்கள் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் கப்பல் நிற்கும் இடத்தில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தை வரைந்தார்கள். காலியும் கொழும்பும் திருகோணமலையும் அவர்களுடைய படங்களில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். முல்லைத்தீவு ஆழ்துறையன்று. கிழக்கே வங்காள விரிகுடாவைப் பார்த்த திறந்த மணற்கரை, பின்னால் நந்திக்கடல். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அங்கே கோட்டை வைத்திருந்தனர். 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் அக்கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதையும், அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததையும் வாசகர் அறிவர். கோட்டையைப் பற்றி அறிக்கைகள் உண்டு. வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய விரிவான கைநூல் உண்டு. குளங்கள், வரிகள், காய்ச்சல், சனத்தொகை எல்லாம் அதில் உண்டு. ஒரு காலைப்பொழுதில் அக்கரை எப்படி இருந்தது என்பதற்கான நிறம் மட்டும் அத்தகைய ஏடுகளில் கிடைக்காது.

இலங்கைக்கும் தானே கற்ற ஓவியர் ஒருவர் வந்துதானிருந்தார். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1804இல் பிறந்த அன்ட்ரூ நிக்கல். இவரும் அச்சகத்திலிருந்து புறப்பட்டவரே. பத்திரிகை நடத்திய ஓர் அச்சகரிடம் தொழில் பழகியபடியே வரையக் கற்றவர். 1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க வந்தார். இன்றைய றோயல் கல்லூரிதான் அது. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் அவரது புரவலர். 1848இல், மலைநாட்டில் கிளர்ச்சி வெடித்த அதே காலத்தில், நிக்கல் ஐந்து வாரம் காடுகளூடே சுற்றிச் சித்திரம் வரைந்தார். அந்த அனுபவத்தை 1852இல் டப்ளின் பல்கலைக்கழக இதழில் எழுதினார். டெனன்டின் புகழ்பெற்ற இலங்கை நூல் 1859இல் வெளிவந்தபோது அதில் நிக்கலின் சித்திரங்களும் இடம்பெற்றன. ஆனால் அவரை அந்தக் காட்டுப் பயணத்துக்கு இழுத்தவை இடிந்த கோயில்கள், பெருஞ்சிலைகள், தாதுகோபங்கள். அக்கால ஐரோப்பியக் கண்ணுக்கு இடிபாடு அழகு. வலை உலர்த்தும் மனிதன் அழகல்லன்.

அடுத்த நூற்றாண்டில் இன்னொருவர். 1909இல் கொழும்பில் பிறந்த ஜோர்ஜ் கிளாசன், கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவில் வரைபடம் வரையும் உத்தியோகத்தர். பகலில் துறைமுகத்துக்கான கோடுகள். மீதி நேரத்தில் தாமாகவே கற்றுக்கொண்ட ஓவியம். 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல முதலியோர் கூடி '43 குழு'வை அமைத்தபோது கிளாசனும் அதில் இருந்தார். பின்னர் இலண்டனில் குடியேறி அரூப ஓவியங்களின் பக்கம் சென்று, 1999இல் காலமானார். அந்தக் குழுவின் படைப்புகளில் கணிசமான பகுதி இன்றும் பார்க்கக் கிடைக்கிறதென்றால், அதற்கு ஹரி பீரிஸ் தம் வீட்டையே சபுமல் மன்றமாக மாற்றிப் படங்களைக் காத்தது ஒரு பெருங்காரணம். படம் வரைபவர் மட்டும் போதாது. படத்தைக் காப்பவர் ஒருவரும் வேண்டும்.

வடக்கிலும் முயற்சிகள் நடந்தன. சித்திரப் பரிசோதகர் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். குருநகரில் 1933இல் பிறந்த ஆ. மாற்கு கொழும்பில் முறையாகப் பயின்று திரும்பி, ஒரு தலைமுறை மாணவர்களுக்கு நவீன ஓவியத்தை அறிமுகப்படுத்தினார். 1995 ஒக்டோபர் 30இன் பேரிடப்பெயர்வு அவரையும் விட்டுவைக்கவில்லை. வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியை இழந்து, 2000ஆம் ஆண்டில் மறைந்தார். யாழ்ப்பாணத்துக்கே இதுதான் நிலை என்றால் வன்னியைப் பற்றி என்ன சொல்ல?

வன்னியில் ஓவியர்கள் இல்லாமல் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயிற் சுவரிலும் வாகனங்களிலும் வண்ணம் தீட்டியவர்கள், கூத்துக்கும் நாடகத்துக்கும் 'சீன்' வரைந்தவர்கள், வள்ளத்தின் அணியத்தில் மாதாவையும் முருகனையும் மீனையும் வரைந்து பெயரெழுதியவர்கள், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்கள் எல்லோரும் தாமே கற்றவர்கள்தாம். கோவலன் கூத்து ஆடிய மண்ணில் மதுரை மாநகரைத் துணியில் எழுப்பத் தெரிந்த கைகள் இருந்தன. ஆனால் அவர்கள் வரைந்தவை பயன்பாட்டுப் பொருட்கள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் உரிந்துபோவன; அடுத்த திருவிழாவுக்கு மேலே வேறு வண்ணம் பூசப்படுவன. கையெழுத்தும் கிடையாது. தம் ஊர்க்கரை படமாக வரையத்தக்கது என்று அவர்களிடம் சொன்னவரும் இல்லை, வரைந்தால் வாங்கியவரும் இல்லை.

பள்ளிக்கூடமும் அதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகளை நினைத்துப் பாருங்கள். சூரியோதயம் வரையச் சொன்னால் முக்கோணமாக இரண்டு மலைகள், இடையே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை. முல்லைத்தீவுப் பிள்ளையும் அதையேதான் வரைந்தது, நானும் அதையேதான் வரைந்தேன். வன்னியில் ஏது மலை? அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றால் சூரியன் நேரே கடலிலிருந்து எழுகிறது. மொனே விடுதிக்கு வாடகை கொடுத்துப் பார்த்த காட்சி அதற்கு இலவசம். பார்த்ததை விட்டுவிட்டுப் பார்க்காததை வரையப் பழக்கினோம்.

லு ஆவ்ருக்கு நேர்ந்ததைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்பது புரியும். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மானியப் படை அத்துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்தது. 1944 செப்டெம்பர் 5, 6ஆம் திகதிகளில் பிரித்தானிய விமானங்கள் நகரின் மையத்தின் மீது குண்டுமாரி பொழிந்தன. விடுவிக்க வந்தவர்களின் குண்டுகளால் ஏறத்தாழ இரண்டாயிரம் பொதுமக்கள் மாண்டனர். போர் முடிந்தபோது எண்பதாயிரம் அளவிலானோருக்கு வீடில்லை. மொனே நின்று வரைந்த கரையோரத் தெரு இல்லை, விடுதி இல்லை, பூடானின் கடை இருந்த பழைய நகரும் இல்லை. அருங்காட்சியகக் கட்டடமும் தரைமட்டம். ஆனால் உள்ளே இருந்த ஓவியங்களை முன்கூட்டியே வேறிடத்துக்கு அகற்றியிருந்தார்கள், அவை பிழைத்தன. பின்னர் ஓகஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் கொங்கிறீற்றால் முற்றிலும் வேறொரு நகரைக் கட்டினார். அந்தப் புதிய நகரை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 1961இல் கடலைப் பார்த்தபடி புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று லு ஆவ்ரில் பிறக்கும் பிள்ளை தன் பாட்டனின் துறைமுகத்தைப் பார்க்க விரும்பினால் அங்கே சென்று பூடானின் முன்னால் நிற்கலாம்.

முல்லைத்தீவை முதலில் போர் தின்றது. 1996 ஜூலைச் சமருக்குப் பின் நகரில் நிமிர்ந்து நின்ற கட்டடங்கள் குறைவு. மெல்ல மெல்ல மக்கள் திரும்பி வந்து, கரையில் மறுபடி வள்ளங்கள் ஏறின. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. கரையோரத்து வீடுகளையும் புனித இராயப்பர் ஆலயத்தையும் ஆயிரக்கணக்கான உயிர்களையும் சில நிமிடங்களில் கொண்டுபோயிற்று. அதன் பிறகு நிவாரணமாக வந்த படகுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகள். நல்ல படகுகள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய மரவள்ளங்களின் வடிவமும் அவற்றின் பாயும் அந்தக் கரையிலிருந்து மறைந்ததற்கு அது இறுதி முத்திரை. 2009இல் எஞ்சியதும் போயிற்று. சனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தன. மே மாதம் வரை நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நடந்ததை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. தப்பியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குப் போனபோது உடுத்திருந்த துணியோடு போனார்கள். வீட்டுப் புகைப்படக் கொத்துகளை எடுத்துச் செல்ல எவருக்கு முடிந்தது? அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

இன்று இணையத்தில் முல்லைத்தீவு என்று தேடினால் ஆயிரம் படங்கள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அழிவின் படங்கள். உடைந்த படகு, எரிந்த பேருந்து, சிதறிய சட்டி பானை. இவை சாட்சியங்கள், இவை வேண்டும். ஆனால் ஓர் ஊர் தன் அழிவினால் மட்டும் அறியப்படுவது அந்த ஊருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி என்றே நான் கருதுகிறேன். எது அழிந்தது என்பதையும் காட்ட வேண்டாமா? சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கரைவலை இழுத்து முடித்து, சம்மாட்டியார் கணக்குப் பார்க்க, பெண்கள் கடகத்தோடு காத்திருக்க, காகங்கள் சுற்ற, கொண்டல் மெல்ல எழும்பிய அந்தக் கரையை?

2013இல் சிலாவத்தைப் பக்கம் சென்றிருந்தபோது முதிய கரைவலைத் தொழிலாளி ஒருவருடன் பேசக் கிடைத்தது. பழைய கரை எப்படி இருந்ததென்று கேட்டேன். சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. ஒரு தடியை எடுத்து மணலில் கீறத் தொடங்கினார். "தம்பி, இது தேவாலயம். இதிலயிருந்து வடக்க முதலாவது பாடு..." பாடு என்பது ஒரு கரைவலைக்கு உரித்தான கரைப்பகுதி. ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் இருந்தது, உரிமையாளர் இருந்தார், எந்தக் காற்றில் எது பிடிபடும் என்ற வரலாறு இருந்தது. அரை மணித்தியாலத்தில் என் காலடியில் ஒரு முழு ஊர் விரிந்தது. அவர் கீறியதில் படகின் அணியம் சரியாக இருந்தது. பெயர்களையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டேன். படத்தை எழுத முடியவில்லை. கைபேசியில் எடுத்ததும் வெயிலில் வெறும் மணலாகவே தெரிகிறது.

பூடான் 1898 ஓகஸ்ட் 8ஆம் திகதி டோவில் என்ற கடலோர ஊரில் இறந்தார். முடிவு நெருங்கியதை அறிந்து, கடலைப் பார்த்தபடி சாக வேண்டுமென்று அங்கே தம்மைக் கொண்டுசெல்லச் செய்தார். அதற்குள் அரசு அவருக்கு விருது கொடுத்திருந்தது. வணிகர்கள் அவரது படங்களை நல்ல விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அவரது கலைக்கூடத்தில் விற்பனைக்கென்று வரையாத சின்னஞ்சிறு பலகைகளும் துணிகளும் குவிந்து கிடந்தன. மேகம், மாடு, பாய்மரம், பாதியில் நின்ற படகு. 1900இல் அவருடைய தம்பி லூயி அவற்றில் சுமார் 240ஐத் திரட்டி லு ஆவ்ர் மாநகருக்குக் கொடுத்தார். லூயி ஓவியரல்லர். அண்ணன் கிறுக்கியதை எறியாமல் வைத்திருந்தவர், அவ்வளவே. இன்று அந்த அருங்காட்சியகத்தில் அழிந்துபோன துறைமுகத்தை மீட்டுக் காட்டுபவை பெரும்பாலும் அந்தச் சிறு துண்டுகள்தாம்.

இதை வாசிப்பவர்களில் பலர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறீர்கள். 1980களிலும் 90களிலும் ஊரிலிருந்து புறப்பட்டபோது பெட்டியில் போட்டு வந்த படங்கள் உங்களில் சிலரிடமாவது இருக்கும். கல்யாணப் படத்தின் பின்னணியில் தெரியும் கடற்கரை, மாமா ஒருவர் பொழுதுபோக்காக வரைந்த வள்ளம், நாடகச் சீனின் ஓரம். கலைத்தரம் பார்க்க வேண்டாம். மின்வருடி எடுத்து, 2005 முதல் நமது ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படத்தைக் காட்டி, அன்று என்ன காற்று என்று கேட்டுப் பாருங்கள். கடலைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.